உடலிலிருந்து எடுத்த திசு யாருக்குச் சொந்தம்?

புது தில்லி: மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை பதிவேடுகளில் முறையாகக் குறித்து வைக்கப்பட்டன. 1954 வரை அங்கு பிறந்தவர்களில் 517 பேரை ஆய்வாளர்கள் பின்னாளில் தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதித்தனர். எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்ற முடிவு 1996-இல் வெளியானது. அதே மருத்துவமனையில் 1997-98-இல் தொடங்கிய மற்றோர் ஆய்வில், கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தில் 43 சதவீதம் பேருக்கு பி12 வைட்டமின் குறைவாக இருந்தது 2009-இல் தெரியவந்தது.

மைசூரு மக்கள் மருத்துவ அறிவியலுக்கு அளித்த கொடை இது. கேட்டவர்கள் மீது அவர்கள் வைத்த நம்பிக்கையே அதற்கு அடிப்படை. ஆனால், அத்தகைய நம்பிக்கையைக் காக்க நாட்டில் தனிச் சட்டம் இல்லை என்பதே வேதனை.

1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் திசுக்களும் சேர்க்கப்பட்டன. எனினும், அதன் எல்லை சிகிச்சைக்கான மாற்றோடு முடிந்துவிடுகிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவுகளைப் பற்றியது; அதுவும் ஆராய்ச்சிக்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. மாதிரியைத் தந்தவரே அதன் உரிமையாளர், மருத்துவமனை வெறும் பாதுகாவலர் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை. இது பாராட்டத்தக்கதே. ஆனால் இது வழிகாட்டு நெறியே தவிர, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல.

ஒப்புதல் எப்படிச் சடங்காகிப் போகும் என்பதை நாடாளுமன்றம் அறியாததல்ல. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டத்தை விசாரித்த சுகாதாரத் துறை நிலைக்குழு, ஆந்திரத்தில் மாணவிகளின் ஒப்புதல் படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டதை 2013 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் கடுமையாகச் சாடியது. அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றத்துடன் இடப்படும் கையெழுத்தும் ஏறத்தாழ அத்தகையதே.

சேமித்து வைத்த ஒவ்வொரு மாதிரிக்கும் மீண்டும் ஒப்புதல் கேட்டால் ஆராய்ச்சி முடங்கிவிடும் என்பது மருத்துவர்களின் வாதம். அதில் நியாயம் உண்டு. அதனால்தான், பெயர் நீக்கிய எஞ்சிய திசுக்களுக்கு ஒப்புதலிலிருந்து விலக்களிக்க நெறிமுறைக் குழுக்களுக்கு அதிகாரம் தரப்பட்டுள்ளது. ஆனால், பெயரை நீக்கலாம்; மரபணுவை நீக்க முடியுமா? ஒருவரின் திசு அவருடைய பிள்ளைகளின் ரகசியத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு, நோயறி ஆய்வகங்களும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களும் அரசின் முன் அனுமதியின்றி மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப 2016-இல் மத்திய அரசே வழி திறந்துவிட்டது.

லிவர்பூலில் ஆல்டர் ஹே மருத்துவமனையில் இறந்த குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோருக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்தது அம்பலமான பிறகே, 2004-இல் பிரிட்டன் மனிதத் திசுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவும் ஓர் ஊழல் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

சிகிச்சைக்கான ஒப்புதல் வேறு, ஆராய்ச்சிக்கான ஒப்புதல் வேறு என்று சட்டம் பிரித்துச் சொல்ல வேண்டும். படிவம் நோயாளியின் தாய்மொழியில் இருக்க வேண்டும். மறுத்தால் சிகிச்சை பாதிக்கப்படாது என்ற உறுதி வேண்டும். மாதிரி தனியார் நிறுவனத்துக்கோ, வெளிநாட்டுக்கோ போகுமானால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீறினால் தண்டனை வேண்டும்.

ஆராய்ச்சிக்கு இது தடையல்ல. ஏமாற்றப்பட்டோம் என்று மக்கள் ஒருமுறை உணர்ந்துவிட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கு ஒரு துளி ரத்தம்கூடக் கிடைக்காது.