சீட்டு ஒன்று, வேலை வேறொன்றா?

அயல்நாட்டிலிருந்து ஓர் ஆளை வரவழைத்து வேலைக்கு அமர்த்துகின்றவர், முதற்கண் எடுக்க வேண்டிய முடிவு, அவரை எந்தப் பணிச்சீட்டின்கீழ் அழைப்பது என்பதாகும். இதனை முகவரோ எழுத்தரோ பார்த்துக்கொள்ளும் சிறுவேலை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறு அன்று. வருகின்றவர் எவ்வளவு கூலி பெறுவார், எங்கே உறங்குவார், நோயுற்றால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார், மனைவி மக்களை உடன்வைத்துக்கொள்ள முடியுமா என்பவற்றை எல்லாம் பெரிதும் வரையறுப்பது அந்த ஒரு சீட்டே. ஆகலின், சீட்டைத் தேர்கின்றவர் ஒரு மாந்தரின் வாழ்வையே தேர்கின்றார் என்க.

அண்மையில் எம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தவர், எம் இல்லம் போந்தார். அங்குத் தமிழர் ஒருவரின் உணவகத்தில் அவருக்குச் சமையற்பணி. சீட்டிற் குறித்த கூலி திங்கள்தோறும் தவறாமல் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஆயின், வந்த மறுநாளே அதில் பெரும்பகுதியை எடுத்து முதலாளியின் கையில் திருப்பிக் கொடுத்து வந்திருக்கின்றார். “ஏன் தம்பி கொடுத்தாய்?” என்று வினவினோம். “கொடுக்காவிட்டால் சீட்டை நீக்கிவிடுவேன் என்றார், ஐயா. இந்தச் சீட்டு வாங்க வேண்டுமென்றால் இவ்வளவு சம்பளம் காட்டத்தான் வேண்டுமாம்” என்றார். ஊரில் வாங்கிய கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை. தமிழனைத் தமிழனே இவ்வாறு சுரண்டினான் என்பதைக் கேட்டு நாம் தலைகவிழ்ந்தோம்.

இக்கொடுமையின் வேர் எங்குள்ளது? சீட்டு ஒன்றாகவும் வேலை வேறொன்றாகவும் இருப்பதிலேதான் உள்ளது. அதனைச் சற்று விரித்துக் காண்போம்.

சிங்கப்பூரில் அயலவரைப் பணியமர்த்தும் முறையை, 1990-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்று ஆள்கின்றது. அதன்கீழ் வழங்கும் பணிச்சீட்டுகளுள் தலையாயவை மூன்று. முதலாவது, மேலாளர், பொறியாளர் போன்றோர்க்குரிய உயர்பணிச் சீட்டு. மக்கள் இதனை ‘எம்பிளாய்மெண்ட்டு பாசு’ என்பர். 2025-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், இதனைப் புதிதாகப் பெறுதற்குத் திங்களுக்குக் குறைந்தது 5,600 வெள்ளி கூலி வேண்டும். பணத்துறையிலாயின் 6,200 வெள்ளி வேண்டும். இதற்கு ஆள்வரி இல்லை. தலைக்கணக்கு வரம்பும் இல்லை. ஆயினும், 2023 முதல் இதனை வேண்டுவோருள் பெரும்பாலார் கல்வி, கூலி முதலியவற்றால் நாற்பது புள்ளிகள் ஈட்டியாக வேண்டும்.

இரண்டாவது, தொழில்நுட்பம் கற்றோர்க்கும் இடைநிலைப் பணியாளர்க்கும் உரிய சீட்டு. ‘எசு பாசு’ என வழங்குவது. 2025 செப்டம்பர் முதல் இதற்குக் குறைந்த அளவு 3,300 வெள்ளி. அகவை ஏற ஏறத் தொகையும் ஏறும். முதலாளி திங்கள்தோறும் ஆள்வரி கட்ட வேண்டும். உணவகம் போன்ற பணித்துறை நிறுவனங்களில் இச்சீட்டினர் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் இருத்தல் கூடாது.

மூன்றாவது, உடலுழைப்பாளர்க்குரிய தொழில் இசைவுச் சீட்டு. ‘ஒர்க்கு பெர்மிட்டு’ என்பது. இதற்கும் ஆள்வரி உண்டு, வரம்பும் உண்டு. எந்த நாட்டவர் எந்தத் துறையில் வேலை செய்யலாம் என்னும் கட்டும் உண்டு. மலேசியர் அல்லாத ஒவ்வொருவர்க்கும் முதலாளி 5,000 வெள்ளிப் பிணையுறுதி தருதல் வேண்டும். உறையுளும் மருத்துவமும் முதலாளியின் பொறுப்பே. இச்சீட்டினர் மனைவி மக்களை உடன் அழைத்துக்கொள்ள முடியாது. அந்நாட்டுக் குடிமக்களையோ நிலைக்குடியினரையோ மணப்பதாயினும் அரசின் இசைவைப் பெற்றே மணக்க வேண்டும்.

இனி, நம்மவர் நடத்தும் உணவகங்களின் நிலையைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் சமையற்காரரைத் தொழில் இசைவுச் சீட்டின்கீழ் அமர்த்த, நெடுங்காலம் அங்கு வழியில்லை. கட்டடத் தொழிலுக்கும் கப்பல் தொழிலுக்கும் திறந்திருந்த அக்கதவு உணவகத்துக்கு அடைபட்டே கிடந்தது. எஞ்சியது இடைநிலைச் சீட்டு ஒன்றே. அதற்குரிய கூலியைக் கொடுக்க உள்ளமில்லாதார் சிலர், தாளில் பெருந்தொகையைக் காட்டிக் கையில் சிறுதொகையைத் தரும் கள்ளவழியைக் கண்டுபிடித்தனர். “வேறு வழியில்லை” என்பதே அவர்கள் சொல்லிவந்த கரணியம்.

அக்கரணியமும் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரோடு பெரிதும் ஒழிந்தது. அத்திங்கள் முதல், இந்திய உணவகங்கள் இந்தியா முதலிய நாடுகளின் சமையற்காரரைத் தொழில் இசைவுச் சீட்டின்கீழேயே அமர்த்தலாம் என்று சிங்கப்பூர் அரசு வழிதிறந்தது. மாறாக் கூலி திங்களுக்கு 2,000 வெள்ளிக்குக் குறையலாகாது. அவ்வாறு அமர்த்தப்படுவோர் நிறுவனத்தின் ஆள்தொகையில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மிகலாகாது என்பன அதற்குரிய கட்டுகள். இவ்வரம்பின்படி ஒருவரை அமர்த்த வேண்டுமாயின் ஏறத்தாழப் பதின்மூவர் பணிபுரியும் கடையாக இருத்தல் வேண்டும். சிறுகடைக்கு இது போதாதுதான். போதாதாயின், மலேசியத் தமிழரை அமர்த்தலாம், உள்ளூராரைப் பழக்கிக்கொள்ளலாம், கடையின் அளவையே சுருக்கிக்கொள்ளலாம். பொய்யெழுதி ஆளை அழைப்பதற்கு மட்டும் எக்கரணியமும் இல்லை.

சட்டமும் வாளா இருக்கவில்லை. பணிச்சீட்டுக்கான வேண்டுகையிற் பொய்யுரைத்தார்க்கு 20,000 வெள்ளி வரை தண்டமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். வேலை தந்ததற்காகத் தொழிலாளியிடமிருந்து பணம் பெற்றார்க்குத் தண்டம் 30,000 வெள்ளி வரையும், சிறை ஈராண்டு வரையும் செல்லும். ஆள்வரியைத் தொழிலாளியின் தலையிற் சுமத்துவதும் குற்றமே. பொய்யென்று அறிந்தே ஒப்பமிட்ட தொழிலாளியும் வழக்கிலிருந்து தப்பார் என்பதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

ஆகவே, ஆளமர்த்தும் தமிழ்ப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவோம். எந்தச் சீட்டு மலிவு என்று கேட்டுத் தொடங்காதீர்கள்; செய்யவிருக்கும் வேலை யாது என்று கேட்டுத் தொடங்குங்கள். அவ்வேலையை அவர் நாள்தோறும் உண்மையில் செய்வாரா, அதற்குரிய கூலியை உம்மால் திங்கள்தோறும் உண்மையில் கொடுக்க இயலுமா என்று பாருங்கள். பிறகு, அவ்வேலைக்கும் அக்கூலிக்கும் உரிய சீட்டு எதுவோ அதனையே வேண்டுங்கள். அடுப்படியில் வேகப்போகின்றவரை மேலாளர் என்று எழுதாதீர்கள். கட்டடத் தொழிலுக்கென்று அழைத்தவரைக் கடையில் நிறுத்தாதீர்கள். தொகைகளும் வரம்புகளும் அவ்வப்போது மாறுவன. அவற்றை முகவரின் வாய்ச்சொல்லால் அறியாமல், அந்நாட்டு மாந்தவள அமைச்சின் அறிவிப்பை நேரிற் பார்த்து அறியுங்கள்.

புறப்படவிருக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவோம். தொழில் இசைவுச் சீட்டுக்கு ஒப்புதல் கிடைத்தவுடன், கூலியும் பிடித்தங்களும் குறிக்கப்பட்ட ஒப்புதல் மடல் ஒன்று வரும். அம்மடலைத் தொழிலாளி தம் நாட்டிலிருந்து புறப்படுமுன்பே, அவருடைய தாய்மொழியில் அவருக்கு அனுப்புதல் முதலாளியின் கடமை. தமிழை ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாகக் கொண்ட நாடு சிங்கப்பூர். அங்கிருந்து வரும் மடலைத் தமிழிற் கேட்பதற்கு நீங்கள் நாணவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. மடலைத் தமிழில் வாங்குங்கள். வரிவரியாகப் படியுங்கள். குறித்த வேலையும் கூலியும் வாய்மொழியாகச் சொன்னவற்றோடு பொருந்தவில்லையாயின், வானூர்தி ஏறாதீர்கள். சிங்கப்பூர் முகவர் உங்களிடம் பெறக்கூடிய கட்டணம், பணியாண்டு ஒன்றுக்கு ஒரு திங்கள் கூலி. எவ்வாற்றானும் இரு திங்கள் கூலிக்கு மிகலாகாது. இதனையும் கருத்திற் கொள்ளுங்கள்.

எம் மாணவர் தம் ஒப்புதல் மடலைப் படித்ததே இல்லை. ஆங்கிலத்தில் இருந்தது, முகவர் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். பத்தாண்டுகள் எம்மிடம் தமிழ் பயின்றவர், தம் வாழ்வை வரையறுத்த ஒரு தாளைத் தமிழிற் கேட்கத் துணியவில்லை. அவ்வளவில் எம் கற்பித்தலும் குறையுடையதே என்று ஒப்புகின்றோம். தாய்மொழி பாட்டுக்கும் மேடைக்கும் மட்டும் உரியது அன்று. கூலிக் கணக்கைப் படித்தறியவும் உரியது. அதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பியாத வரையில், தாளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அவர்களை ஏய்ப்பவர் இருந்துகொண்டேதான் இருப்பர்.