வார்டைத் துடைப்பவர் யாருடைய ஆள்?

சீயமங்கலத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் வீட்டார் முதலில் அழைப்பது 108 ஆம்புலன்ஸைத்தான். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கும் இந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. நோயாளியைக் கொண்டுபோகும் செஞ்சியோ விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் யாரும் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை. செஞ்சி அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ, உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும். வரும் வண்டிக்குப் பணம் கொடுப்பது அரசு. ஆனால் ஓட்டுநரும் உடன்வரும் மருத்துவ உதவியாளரும் அரசு ஊழியர்கள் அல்லர். 2008 செப்டம்பரில் இந்தச் சேவை தொடங்கியபோதே அதை நடத்தும் பணி வெளி நிறுவனம் ஒன்றிடம் தரப்பட்டது.

பெரிய அரசு மருத்துவமனைகளுக்குள்ளும் இதே நிலைதான். வாசலில் நிற்கும் காவலர், வார்டைத் துடைக்கும் அம்மா எனப் பலரும் ‘கான்ட்ராக்ட் ஆட்கள்’. இது சரியா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

நிர்வாகத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு நிரந்தரப் பணியிடம் என்றால் அரசாணை, நிதித் துறை ஒப்புதல், பிறகு ஓய்வூதியம் என்று நீளும். வார்டு அதுவரை காத்திருக்காது. சில வேலைகளை மருத்துவமனை தானே செய்வதும் நல்லதல்ல. மருத்துவக் கழிவு அப்படிப்பட்டது. 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் தனி ஏற்பாடு கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. டயாலிசிஸ் இயந்திரம் பழுதானால் அன்றே சரிசெய்ய ஆள் வேண்டும். அதில் தேர்ந்த நிறுவனத்திடம் கொடுப்பதால் நோயாளிக்கு நன்மை உண்டு.

தொழிலாளர் பக்கமும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய கூலி ஒன்று, கைக்கு வருவது வேறு என்ற குறை தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப எழுகிறது. இரண்டு எஜமானர்கள் என்பது இன்னொரு சிக்கல். ரத்தம் சிந்திய தரையை உடனே துடைக்கச் சொல்ல வேண்டியவர் வார்டு செவிலியர். ஆனால் துடைப்பவர் வேறு ஒரு மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்பவர். குறைந்த கூலியில் ஆள் அடிக்கடி மாறினால், எந்தக் கழிவு மஞ்சள் பையில், எது சிவப்புப் பையில் என்ற பயிற்சியும் அவரோடு போய்விடுகிறது. மருத்துவமனையில் துடைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். வெளிநாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. பிரிட்டன் 1983இல் துப்புரவு, சமையல், சலவையை டெண்டருக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனைத் தொற்றுகள் குறித்த கவலை பெருகிய பின், 2008இல் ஸ்காட்லாந்து அரசு துப்புரவுக்குப் புதிய தனியார் ஒப்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தது.

எல்லாரையும் நிரந்தரமாக்கினால் குறை தீரும் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கும் வழக்கம் நிரந்தர ஊழியர் காலத்திலேயே இருந்ததுதான். நோயாளிக்கு அருகில் நடக்கும் வேலை, தொலைவில் நடக்கும் வேலை என்று பிரித்துப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்த வழியாகப் படுகிறது. கழிவு அகற்றல், இயந்திரப் பராமரிப்பு, சலவை ஆகியவற்றை வெளியே கொடுக்கலாம். வார்டுத் துப்புரவு மருத்துவமனையின் நேரடிப் பொறுப்புக்குத் திரும்ப வேண்டும். அதுவரை ஒப்பந்தமாகவே இருந்தாலும், வார்டு செவிலியரின் கையெழுத்து இல்லாமல் மாதாந்திரப் பில்லுக்குப் பணம் தரக்கூடாது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் எத்தனை பேர், அவர்களுக்கு நாள்கூலி எவ்வளவு என்பது வாசல் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது இங்கே மருத்துவமனையே, தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. கூலிக்காக வார்டைத் துடைக்கும் அம்மா மருத்துவமனையின் கதவைத் தட்டுவது அவருடைய உரிமை.

நமக்கும் இதில் பங்குண்டு. ஒரு நோயாளியோடு ஆறு பேர் வார்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால், எத்தனை பேரை வேலைக்கு வைத்தாலும் சுத்தம் நிற்காது. துப்புரவுப் பணியாளரை ‘ஏய்’ என்று கூப்பிடும் நாக்கையும் நாம் திருத்த வேண்டும். குறை இருந்தால் 104க்குச் சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் கூட்டத்தில் ஒப்பந்தப் பணியின் தரத்தைப் பேசச் சொல்லி நாம் கேட்கலாம்.

மே 1 உழைப்பாளர் நாள். அன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. சீயமங்கலத்திலும் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருப்பவர்களே, நம்மூர் நோயாளிகள் போகும் மருத்துவமனையில் வார்டைத் துடைப்பவரின் கூலி வாசல் பலகையில் எழுதப்பட வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.