பெற்றவள் மீதா பழி?

மனச்சிதைவு என்னும் வியாதி ஒரு வீட்டில் தலைகாட்டினால், நம் மக்கள் முதலில் பேய் என்பார்கள். பிறகு செய்வினை என்பார்கள். இரண்டும் செல்லாதபோது, "பெற்றவள் வளர்த்த லட்சணம்" என்பார்கள். குத்தம்பாக்கம் போன்ற கிராமமானாலும் சரி, சென்னைப் பட்டணமானாலும் சரி, பழி சுமப்பவள் பெண்ணே.

மெத்தப் படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1948-இல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநோய் வைத்தியர், தாயின் போக்கை இவ்வியாதிக்குக் காரணமாக்கி எழுதினார். பின்வந்த ஆராய்ச்சி, ஆதாரமில்லை என்று அதைத் தள்ளிற்று. பரம்பரைக் கூறும் வேறு பல காரணங்களும் கூடியே இது வருகிறது.

அப்படியானால் குடும்பத்துக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரை ஓயாமல் குற்றஞ்சொல்லும் வீடுகளில் வியாதி அதிகமாகத் திரும்புகிறது என்று இலண்டனில் ஜார்ஜ் பிரௌன் முதலியோர் 1972-இல் காட்டினர். சண்டிகரில் 1980-களில் ஆராய்ந்தபோதும், பகைமை மிகுந்த வீடுகளில் அவ்வாறே கண்டனர். ஆகவே நம் பொறுப்பு, வியாதி வந்த பின் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

கோயிலிலும் தர்காவிலும் கொண்டுபோய்க் கட்டிப்போடுவது பொறுப்பாகுமா? 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர், பலர் சங்கிலியில் கட்டுண்டபடியே, தீயில் மாண்டனர். எந்தத் தெய்வம் வந்து சங்கிலியை அவிழ்த்தது?

டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிலையம், நோயாளிக்கு மருந்தும் குடும்பத்தாருக்கு யோசனையும் சேர்த்தே அளித்து வருகிறது. அதுவே அறிவுள்ள வழி என்பது நமது அபிப்பிராயம். தோழர்களே! மந்திரவாதிக்கு அழும் காசை மருந்துக்குக் கொடுங்கள். தாயை ஏசும் வாயை மூடுங்கள்.