எய்தவனும் அம்பும்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. செய்தவனை விடுத்து அவன் கைக் கருவியைக் குறைகூறுதல் பேதைமை என்பது அதன் கருத்து. உலக வழக்கிற்கு அது மிகவும் பொருந்தும். ஆயினும், நம் கல்லூரித் திடலில் நிகழ்ந்த ஒன்றைக் கண்ட பின்னர், அப்பழமொழிக்கும் ஒரு விலக்கு உண்டென்றே யாம் கருதுகின்றோம். அங்கே எய்ய நின்றவர்மீது பழியில்லை, அம்பின்மீதே பழி. இன்னும் உண்மையாகக் கூறுமிடத்து, அவ்வம்பை அவர் கையிற் கொடுத்த எம்மீதே பழி.

பழைய மாணவர் சிலர் அன்புகூர்ந்து நம் வில்வித்தைக் குழுவிற்குப் புதிய காம்பவுண்டு வில் ஒன்றைச் சென்ற ஆண்டு நன்கொடையாக அளித்தனர். அது வந்திறங்கிய மாலையில் திடலில் திருநாட் கூட்டம் கூடிற்று. அதன் சக்கரங்களைத் தொட்டுப் பாராதவர் இலர். இதற்கேற்ற அம்பு எங்கே என்று வினவினவரும் இலர். யாமும் வினவவில்லை. அலமாரியிற் கிடந்த பழைய அம்புக் கட்டொன்றை எடுத்துக் கொடுத்தோம். குழுவினர் ஐவரும் வில்லின் இழுப்பளவைத் தத்தமக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு முறைவைத்து எய்தனர். அம்பை மட்டும் மாற்ற வழியில்லை.

ஒரு நாள் நெடிய மாணவர் ஒருவர் நாணை முற்ற இழுத்து நின்றார். அம்பின் முனை தாங்கியினின்றும் பின்வாங்கி, வில்லைப் பற்றிய இடக்கையின்மேற் சரிந்தது. அருகில் நின்ற தோழர் ‘விடாதே!’ என்று கூவவே, அவர் நாணை மெல்லத் தளர்த்தி இறக்கினார். அக்கணத்தில் விசையை அழுத்தியிருப்பின் அம்பு அவர் கையையே துளைத்திருக்கும். எவர்க்கும் ஊறு நேரவில்லை. ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இக்கட்டுரை அவ்விரவிற் பிறந்தது.

காம்பவுண்டு வில் மூங்கில் வில்லிற்கு உறவேயாயினும் இயல்பால் வேறுபட்டது. அமெரிக்க நாட்டு மிசௌரி மாகாணத்தைச் சார்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பார் 1966-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்து, 1969-ஆம் ஆண்டிற் பெற்றார். வில்லின் நுனிகளில் மையம் விலகிச் சுழலும் சக்கரங்களை அமைத்து, அவற்றின் வழியே நாணையும் வடங்களையும் ஓட்டியமையே அவர் கண்ட புதுமை. மற்றை வில்லை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே செல்லும். இவ்வில்லிலோ பாரம் இடையில் உச்சத்தை எய்தி, முற்ற இழுத்தவுடன் சட்டென்று குறைகின்றது. உச்சத்தில் 50 பவுண்டு இழுவையுள்ள வில், 80 விழுக்காடு தளருமாறு அமைந்திருப்பின், குறிபார்த்து நிற்கும்போது 10 பவுண்டே கையிற் படும். விட்டவுடனோ, இழுத்துச் சேர்த்த வலியெல்லாம் அம்பின் முதுகில் இறங்குகின்றது. கை உணராத வலியை அம்பு உணர்கின்றது. ஆதலின் அம்பைத் தேர்வதிற் கவலையீனம் இங்கே மன்னிக்கப்படுவதில்லை.

தேர்வில் முதற்கண் நோக்கத்தக்கது நீளம். முற்ற இழுத்த நிலையில் அம்பின் தண்டு தாங்கியைக் கடந்து ஓர் அங்குலமேனும் முன்னே நிற்றல் வேண்டும். புதிதாகக் கற்போர்க்கு இரண்டங்குலம் இருப்பினும் மிகையன்று. நிலை திருந்துங்கால் இழுப்பளவு கூடுதலும் உண்டு. நீண்ட அம்பைப் பின்னர் அறுத்துக் குறைக்கலாம். குறைந்த அம்பை நீட்டுவார் இலர்.

இரண்டாவது விறைப்பு. இதனை வில்லாளர் ஸ்பைன் என்பர். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவர். தண்டு 0.500 அங்குலம் வளையுமாயின் அதன் எண் 500, 0.340 அங்குலம் வளையுமாயின் 340. எண் குறையக் குறைய விறைப்பு மிகும். இதனைத் தலைகீழாகக் கொண்டு ஏமாறுவோர் உளர். இழுவை மிக்க வில்லிற்கு விறைப்பு மிக்க தண்டு வேண்டும். தண்டு நீண்டாலும் முனை கனத்தாலும் அம்பு மிகுதியாக வளையும். ஆதலின் அப்போதும் விறைப்பைக் கூட்டிக்கொள்ளல் வேண்டும். தண்டு செய்வோர் வெளியிடும் அட்டவணையில் இழுவை, நீளம், முனையின் எடை ஆகிய மூன்றையும் பொருத்தித் தக்க எண்ணைக் காணலாம். அட்டவணை தொடக்கமே, முடிவு திடலிலே தெரியும். சிறகில்லாத அம்பொன்றைச் சிறகுள்ள அம்புகளோடு அண்மையிலிருந்து எய்து, எல்லாம் ஓரிடத்திற் குழுமுகின்றனவா என்று காண்டல் நல்ல சோதனை.

மூன்றாவது எடை. விரைவில் மயங்கி எடை குறைந்த அம்பை நாடுதல் இளைஞர்க்கு இயல்பு. இழுவையின் ஒவ்வொரு பவுண்டிற்கும் ஐந்து கிரெய்னுக்குக் குறையாத எடை அம்பிற்கு வேண்டும் என்பது வில்லாளர் கைக்கொள்ளும் விதி. 50 பவுண்டு வில்லிற்கு 250 கிரெய்ன் கீழெல்லையாம். அதற்குக் கீழே செல்லின், அம்பு ஏற்றுச் செல்லாத வலி வில்லின் கைகளையும் வடங்களையும் திரும்பத் தாக்கும். அம்பு பூட்டாமல் நாணை விடுதல் இவ்வில்லை உடைக்கவுங் கூடும். மிக இலேசான அம்பு அதற்கு அடுத்தபடி. 350 கிரெய்ன் உடைய அம்பு சற்று மெதுவாகச் செல்லும். ஆனால் வில் அதிராது. நம் இலக்கு நட்ட இடத்திலேயே நிற்கின்றது, ஓடிவிடப் போவதில்லை.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே நிற்கின்றது என்பதும் நோக்கத்தக்கது. அம்பை விரல்மேற் கிடத்தினால், அது நிறைகோல்போற் சமமாக நிற்குமிடம் நடுவிற்குச் சற்று முன்னே இருத்தல் வேண்டும். 30 அங்குல அம்பு பின்னுனியினின்று 18-ஆம் அங்குலத்திற் சமமாக நிற்குமாயின், அது நடுவிற்கு மூன்றங்குலம் முன்னே, அஃதாவது பத்து விழுக்காடு முன்னே, நிற்பதாகும். இலக்கு எய்வார்க்கு இஃது ஏற்ற அளவு.

இனிச் சிறகைப் பற்றிக் கூறுதும். சிறகு அம்பைப் பறக்கச் செய்வதென்று பலர் எண்ணுகின்றனர். அஃதன்று. அம்பின் வாலைக் காற்றினாற் பற்றி, முனையின் பின்னே ஒழுங்காகச் செல்லுமாறு செய்வதே அதன் தொழில். ஆகவே ஒவ்வொரு சிறகும் ஒரு தடை. தடை மிகுந்தால் அம்பின் ஆட்டம் விரைவில் அடங்கும். ஆனால் வேகமுங் குன்றும், பக்கக் காற்றும் அம்பை ஒதுக்கும். 18 மீட்டர் தொலைவில் உள்ளரங்கில் எய்வார்க்கு நீண்ட சிறகு நன்று. 50 மீட்டர் வெளித்திடலுக்கு இரண்டங்குலச் சிறகு மூன்று போதும். அவற்றை ஓரிரு பாகை சாய்வாக ஒட்டினால் அம்பு சுழன்று செல்லும். சுழலும் பம்பரம் சாயாதவாறு போல அம்பும் நிலைபெறும். பறவையின் இறகோ பிளாஸ்டிக் சிறகோ சிறந்தது என்பாரும் உளர். இறகு இலேசானது, வில்லில் உரசினும் மடங்கி வழிவிடும். ஆயின் மழையில் நனைந்தால் படிந்து பயனற்றுப்போம். பிளாஸ்டிக் சிறகு நனைந்தாலுங் கெடாது. ஆனால் எதிலேனும் உரசினால் அம்பைத் திருப்பிவிடும். நம் வில்லிலுள்ள தாங்கி, அம்பு புறப்பட்டவுடன் தானே கீழே விழுவதாதலின், பிளாஸ்டிக்கே நமக்கு ஏற்றது. உரசுகின்றதோ என்னும் ஐயம் எழுமாயின், சிறகின்மேற் சிறிது முகப்பவுடரைத் தூவி எய்து பார்த்தால் கீறல் காட்டிக்கொடுக்கும். வேட்டைக்குரிய அகன்ற முனைகளுக்குப் பெருஞ்சிறகு வேண்டும் என்பர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாழும் நமக்கு அவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை.

இத்துணையும் பொருந்தினும், கார்பன் தண்டிற்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அலுமினியத் தண்டு வளைந்து தன் குறையைக் காட்டும். கார்பன் தண்டின் வெடிப்புக் கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கும். வெடித்த தண்டு விடுங்கால் சிதறிக் கையிற் பாயும். ஆதலின் எய்யுமுன் ஒவ்வொரு முறையும் தண்டைச் சுழற்றிப் பார்த்து, மெல்ல வளைத்து ஒலி கேட்டல் வேண்டும். ஐயமுற்றதை முறித்து எறிதல் செலவன்று, சேமிப்பு.

ஆளுக்கொரு கட்டு அம்பு வாங்கப் பொருள் ஏது என்று நண்பர் சிலர் வினவுவர். வினா நேரியதே. காற்பந்து ஒன்றை இருபத்திருவர் உதைக்கலாம், அம்பு அவ்வாறன்று. அது செருப்பைப் போன்றது. உரியவர் காலுக்கே பொருந்தும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதியும், எய்வார் ஒவ்வொருவரும் தம் பெயரையோ பெயரெழுத்தையோ தம் அம்புகளிற் பொறித்தல் வேண்டும் என்கின்றது. ஆகவே எம் கருத்து இதுவே: இரண்டாவது வில் இப்போது வேண்டா. அதற்கெனச் சேர்த்த பொருளைக்கொண்டு குழுவினர் ஐவர்க்கும் அளவெடுத்து, ஆளுக்கு ஆறு அம்புகள் வாங்குக. பழைய கட்டை இன்றே திடலினின்றும் அகற்றுக. இனி வில் வழங்க விரும்பும் பழைய மாணவர், அம்பையும் வில்லின் ஒரு பகுதியாகவே கருதி வழங்குக.

இவ்வித்தையில் நம் நாட்டார் சிறியரல்லர். 2023-ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், காம்பவுண்டு வில்லிற்குரிய ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியரே வென்றனர். கைகளின்றிப் பிறந்த சீத்தல் தேவி, காலால் வில்லைப் பற்றித் தோளால் நாணை இழுத்து, 2024-ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு வெண்கலம் பெற்றார். கருவி ஆளுக்குப் பொருந்தின் ஆகாதது எது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அந்நெடிய மாணவர் இன்றும் மாலைதோறும் திடலுக்கு வருகின்றார். எய்வதில்லை, பிறர் எய்வதைப் பார்த்து நிற்கின்றார். அவர்க்குரிய அம்பு இன்னும் வரவில்லை. அது வந்து, அவர் எய்து, குறி தவறுமாயின், அன்று எய்தவரை நோவோம். அதுகாறும் நோகத்தக்கவர் நாமே.