தேவாலாவுக்கும் ஒரு நாள்

நீலகிரியின் தேவாலா, ப்ராஸ்பெக்டஸ் பார்க்காத ஊர் அல்ல. 1880-களின் தொடக்கத்தில், இந்த வட்டாரத்தில் கிடைப்பதை வயநாட்டுத் தங்கம் என்று சொல்லி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் கவிழ்ந்தது. பாறையில் கிடைத்ததைவிட ப்ராஸ்பெக்டஸில்தான் தங்கம் அதிகம். மேலாண்மைக் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலர்களான நாம் வழவழ கையேட்டோடு அங்கே போகும்போது இதை மனத்தில் வைப்பது நல்லது. போகும்போது என்று எழுதிவிட்டேன். நாம் எங்கே போகிறோம்? நம் பயணத் திட்டத்தில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை. மலை என்றால் ஊட்டி, அதுவும் மே மாதம், குடும்பத்தோடு.

இந்த முறை ஊட்டியில் இறங்காமல் கூடலூர் தாண்டிப் போனேன். தேவாலாவில் பி.காம். முடித்த ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "வேலை அனுபவம் ஒண்ணும் இல்லீங்க சார்." வீட்டில் முக்கால் ஏக்கர் தேயிலை. அக்கம்பக்கத்து பதினோரு வீட்டுக் கொழுந்தையும் சேர்த்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறார்கள். மூன்று வருடமாகக் கணக்கு இவர் கையில். நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, வீட்டுப் பெயர், கிலோ, கொடுத்த முன்பணம். ஓரத்தில் சிவப்பு மையில் 'தண்ணி' என்று ஒரு பத்தி. மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்காக எடையில் கழிப்பது அது. நூறு கிலோவுக்குப் பன்னிரண்டு கழித்த இடத்தில் பேசி எட்டாக்கியிருக்கிறார்.

கொள்முதல், பேரம், கடன் வசூல் எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ஒரு வரி இல்லை. பதிலுக்கு, பயிற்சி மையத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த 'ஏழைத் தோட்டத் தொழிலாளியின் மகள்' கட்டுரை இருந்தது. தவறு அவருடையதல்ல. அந்தக் கட்டுரைக்கு மார்க் போட்டுப் பழக்கியது நாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, தமிழ்நாடு அரசின் டேன்டீ தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகள். அவர்களிடம் கண்ணீரைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள்.

தேதிகளையும் அங்கிருந்து பார்க்க வேண்டும். கேட் (CAT) தேர்வுக்குப் பதிவு ஆகஸ்ட், செப்டம்பரில். தேவாலாவில் அது அடைமழைக் காலம். கரண்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது. மாநிலத்தின் பி.சி. சான்றிதழ் இந்தத் தேர்வுக்குச் செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும் என்பது பலருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிகிறது. தேர்வு நாளில் காலை அமர்வு விழுந்தால் எட்டரைக்குத் தொடங்கிவிடும். அமர்வைத் தேர்ந்தெடுக்க முடியாது. விடியுமுன் யானை நடமாடும் சாலையில் இறங்கி வர முடியாதென்பதால் முதல் நாளே கோவையிலோ கோழிக்கோட்டிலோ அறை எடுத்தாக வேண்டும். பெண்ணென்றால் துணைக்கு ஒருவர். தேர்வுக் கட்டணத்தோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

கல்விக் கடன் விஷயம் இன்னும் சிக்கல். 'சொத்து அடமானம் வைத்தால் போச்சு' என்று நம் ஆட்கள் சாதாரணமாகச் சொல்கிறார்கள். 1969 கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலத்துக்குப் பட்டா கிடையாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தலைமுறையாகக் குடியிருப்பவரிடமும் வங்கியில் நீட்ட ஒரு காகிதம் இருக்காது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிட்ட நிறுவனங்களில் சேர்வோருக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாமல் கடன் உண்டு. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். வளாக நீச்சல்குளம் பின்னால் வரட்டும்.

தேவாலாவுக்குப் பக்கத்து ஐ.ஐ.எம். நாடுகாணிச் சுரம் இறங்கினால் வரும் கோழிக்கோடு. 1993-ல் பெங்களூரில் தொடங்கிய இந்தியத் தோட்ட மேலாண்மை நிறுவனமோ தோட்டத் தொழிலுக்கு ஆள் தயாரிக்கிறது. நான் பேசியவர்களில் ஒருவரும் அதன் பெயரைக் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டுப் பயணத் திட்டத்தை இப்போது எழுதிக்கொண்டிருப்பீர்கள். கூடலூர் அரசுக் கல்லூரிக்கு ஒரு நாள், தேவாலாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஜூனில் மழை பிடித்துவிடும். ஏப்ரலுக்குள் போய் வாருங்கள்.