சீமைத் துப்பாக்கியும் நாட்டுக் கையும்

சென்ற ஞாயிறு காலை எங்கள் சுடுதளத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. வார இறுதி நாள்களில் ‘அங்கீகரிக்கப்பட்ட ஐரோப்பியத் தயாரிப்புகளை’ உடைய உறுப்பினர்களுக்கே சுடுதடங்கள் ஒதுக்கப்படும் என்றும், கழகத்தின் பொதுத் துப்பாக்கிகள் படிப்படியாக விலக்கிக்கொள்ளப்படும் என்றும் அதில் முன்மொழியப்பட்டிருந்தது. காரணம் இரண்டே சொற்களில்: பாதுகாப்பு, தரம். செயற்குழு அடுத்த மாதம் கூடி முடிவெடுக்குமாம். கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். நோயோ ஒரு கழகத்தோடு நிற்பதன்று.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கோவண்டியில் வாடகை அறை. முனைவர் பட்ட ஆய்வு. மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை, வரும் மாதங்களில். மூன்றாண்டுகளாகப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டு வருகிறேன். என்னிடம் இருப்பது பழைய கைமாற்றுத் துப்பாக்கி ஒன்று: ருஷ்யாவின் பைக்கால் நிறுவனம் செய்த ஐஇசட்எச்-46எம். இழெவ்ஸ்க் நகரத்துத் தயாரிப்பு. கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் ஊரும் அதுவே. உலகெங்கும் காசில்லாத சுடுநர்கள் தேடிப்பிடித்து வாங்கும் துப்பாக்கி இது. எங்கள் தளத்தில் இதற்கு வைத்த பெயர் ‘ஆட்டுக்கல்’.

அப்பெயரை வைத்தவர் மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு முதியவர், தமிழர். என் பையைத் திறந்ததும் முகம் மலர்ந்து, “ஏம்மா, தமிழா? எந்தப் பக்கம்?” என்று கேட்டார். மாட்டுங்கா என்றோ செம்பூர் என்றோ நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலும். “கோவண்டி, சார்” என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு சிரித்துக்கொண்டே, “அங்க ஆளுக்கொரு கட்டா வெச்சிருப்பாளே, நீ எதுக்கு இங்க வரே?” என்றார். சுற்றி நின்ற நால்வர் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

கட்டா என்பது வட இந்தியத் தெருக்களில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கி. கோவண்டி என்றதும் கட்டா. கட்டா என்றதும் குற்றம். 1927 முதல் இம்மாநகரம் தன் குப்பையைத் தேவனாரில் கொண்டுவந்து கொட்டி வருகிறது. குப்பை மேட்டுக்கு அருகில் குடியிருப்பவனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் நகரம், அந்தக் குப்பை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் ஊர்ப்பெயர் எனக்கு முன்னே சென்று கதவைச் சாத்திவிடுவது புதிதன்று. ரயில் நிலையத்தில் துப்பாக்கிப் பெட்டியோடு நிறுத்தப்படும்போதெல்லாம், ஆதார் அட்டையின் முகவரியைப் படித்த பின்புதான் சோதனை நீளும். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் என்றால் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமமே தேவையில்லை என்பதை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன். அதையும் ஐயத்தோடுதான் கேட்பார்கள்.

மொழியியல் படித்தவள் என்பதால் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடங்கொடுங்கள். ‘சீமை’ என்பது முதலில் எல்லையையும், எல்லைக்குட்பட்ட நிலப்பகுதியையும் குறித்தது. சிவகங்கைச் சீமை என்கிறோம். வெள்ளையர் ஆட்சியில் அது கடல்கடந்த நாட்டைக் குறிக்கத் தொடங்கியது. சீமையெண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, சீமைத்துணி எனப் பலவும் பிறந்தன. அதற்கு எதிர்நிலையில் ‘நாட்டு’ என்னும் அடை மட்டத்தைக் குறிக்கலாயிற்று: நாட்டு ஓடு, நாட்டு வைத்தியம். இன்று காற்று திசைமாறிவிட்டது. நாட்டுக்கோழியும் நாட்டுச்சர்க்கரையும் கூடுதல் விலைக்கு விற்கின்றன. அவற்றை வாங்குவோர் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றனர். ஆக, அடைமொழிக்கென்று நிலையான மதிப்பு ஏதும் இல்லை. வாங்குபவரின் மதிப்பே அதற்கு ஏறுகிறது. ‘துப்பாக்கி’ என்னும் சொல்லே துருக்கிய மொழிவழி நம்மிடம் வந்தது என்பதையும் இங்கே நினைவூட்டலாம். இறக்குமதிச் சொல்லை வைத்துக்கொண்டு எது சீமை, எது நாட்டு என்று பிரிக்கிறோம்.

இனி விவகாரத்துக்கு வருவோம். விலையுயர்ந்த துப்பாக்கி எதைத் தருகிறது?

பத்து மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். அடுத்தடுத்த வளையங்கள் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால், பத்து மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் விலகும். அதாவது பத்துக்குப் பதில் ஏழு. அரை மில்லிமீட்டர் என்றால் ஒன்பது. கால் மில்லிமீட்டர் வரை பத்து தாங்கும். நல்ல போட்டித் துப்பாக்கி எதையும், என் ஆட்டுக்கல் உள்பட, பிடிப்பானில் பூட்டிச் சுட்டால் குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளைக்குள் இறங்கும். அப்படியானால் ஏழும் எட்டும் எங்கிருந்து வருகின்றன? மணிக்கட்டிலிருந்து, மூச்சிலிருந்து, விசையை அழுத்தாமல் பிடுங்கும் விரலிலிருந்து. எங்கள் தளத்தில் 500ஐத் தாண்டாதவர்களே பெரும்பாலோர். அவர்கள் இழக்கும் நூறு புள்ளிகளில் துப்பாக்கியின் பங்கு என்ன என்று அவர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஆயினும் விலைக்குப் பொருளே இல்லை என்று நான் வாதிடவில்லை. அப்படிச் சொல்வது பொய். அழுத்தக் காற்றுச் சிலிண்டருள்ள மொரினி, ஸ்டெயர், வால்டர் போன்றவற்றில் விசை கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் தெளிவாக விடுபடும். பிடி உள்ளங்கைக்கு ஏற்றபடி கிடைக்கும். குண்டேற்றக் கை நோகாது. என்னுடையதில் ஒவ்வொரு முறையும் குழலுக்கடியில் உள்ள லீவரை விரித்து மூடிக் காற்றை அழுத்த வேண்டும். அறுபது குண்டு, அதற்கு முன் பழகு குண்டுகள் வேறு. 75 நிமிட முடிவில் தோள் கெஞ்சும். நண்பர் ஒருவர் தம் மொரினியைக் கொடுத்துப் பத்துக் குண்டு சுடச்சொன்னார். என் வழக்கமான 90 அன்று 92 ஆனது. அவர் என்னுடையதில் சுட்டு மூன்று புள்ளி இழந்தார். பத்துக் குண்டு எதையும் மெய்ப்பிக்காது. ஆனாலும் இரண்டு புள்ளி என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு புள்ளிக்கு விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். நாட்டுக்காக ஆடுபவருக்கு இரண்டு புள்ளிதான் வாழ்க்கை. டோக்கியோவில் மனு பாக்கர் 575 எடுத்து, 577 எடுத்தவர்களுக்குப் பின்னால் நின்று இறுதிச்சுற்றை இழந்தார். அவருக்கு அந்த விலை நியாயம். ஞாயிறுதோறும் வந்து தேநீர் குடித்துவிட்டு 480 சுட்டுப் போகிறவருக்கு அது நகை. நகை அணிவதில் தவறில்லை. நகை இல்லாதவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதில்தான் தவறு இருக்கிறது.

அதே டோக்கியோவில், 2021 ஜூலை 25 அன்று, மனு பாக்கரை வீழ்த்தியது எது? போட்டியின் நடுவில் அவருடைய விலையுயர்ந்த துப்பாக்கி பழுதாயிற்று. விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. மூன்றாண்டு கழித்துப் பாரிசில் இரண்டு வெண்கலம் வென்றார். இதை எடுத்துக்காட்டி ‘சீமைத் துப்பாக்கி நம்பத்தகாதது’ என்று நான் சொன்னால் எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தம் என்னுடையது ‘பாதுகாப்பற்றது’ என்பதும்.

பாரிசில் வெள்ளி வென்ற துருக்கியர் யூசுஃப் திகேச்சின் படத்தை என் சார்பாகப் பலர் அனுப்பினர். சாதாரணக் கண்ணாடி, சட்டைப்பைக்குள் ஒரு கை. நன்றி. ஆனால் அவரை என் கட்சிக்கு இழுப்பது நேர்மையன்று. அவர் கையிலிருந்ததும் முதல்தர ஐரோப்பியப் போட்டித் துப்பாக்கிதான். விலக்கிவைத்தது கண்ணுக்கான சிறப்புச் சட்டகத்தையும் மறைப்பையும் மட்டுமே. கையைப் பைக்குள் விடுவதும் வீம்பன்று. உடல் ஆடாமலிருக்கச் சுடுநர்கள் பொதுவாகச் செய்வது. கருவிகளே இன்றி ஒருவர் வென்றார் என்னும் கதை இனிக்கிறது. ஏழைக்கு அத்தகைய கதைகளைக் கொடுத்துவிட்டுக் கருவிகளைத் தாமே வைத்துக்கொள்வது வசதியுள்ளோருக்கு எளிது. ஆகையால் எனக்கு அந்தக் கதை வேண்டாம். பொதுத் துப்பாக்கிகளே வேண்டும்.

பாதுகாப்பு என்ற காரணத்தைச் சற்று நின்று பார்ப்போம். முன்மொழிவின் முதுகெலும்பு அதுதான். காற்றுத் துப்பாக்கியில் ஆபத்து இரண்டு வகை. ஒன்று சுடுபவரின் பழக்கம்: குழலை இலக்கை நோக்கியே வைத்தல், சுடாதபோது குழலில் பாதுகாப்பு நூல் செருகுதல், கட்டளைக்கு முன் தொடாதிருத்தல். இதற்கும் விலைக்கும் தொடர்பில்லை. மற்றொன்று சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்துவைக்கும் அந்தக் குப்பிக்குத் தயாரிப்பாளர் குறித்த காலாவதி உண்டு, வழக்கமாகப் பத்தாண்டு. காலாவதி ஆகாததைப் பயன்படுத்தும் பொறுப்பு சுடுநருடையது என்று பன்னாட்டு விதிகளே சொல்கின்றன. எங்கள் தளத்தின் ‘அங்கீகரிக்கப்பட்ட’ துப்பாக்கிகள் பலவற்றின் சிலிண்டரில் பொறித்த ஆண்டை நான் படித்திருக்கிறேன். 2009 என்று ஒன்று. 2011 என்று மற்றொன்று. என் ஆட்டுக்கல்லில் சிலிண்டரே இல்லை. லீவரை மூடுவதற்கு முன்பு அதனுள் அழுத்தக் காற்று என்று ஒன்று கிடையாது. பாதுகாப்பு உண்மையான கவலையானால் அறிவிப்பு ‘சிலிண்டர்களின் தேதியைக் காட்டுக’ என்று தொடங்கியிருக்கும். தரம் கவலையானால், போட்டி விதிப்படி விசை 500 கிராமுக்குக் குறையாமல் தாங்குகிறதா என்று எடைக்கல் தொங்கவிட்டுச் சோதித்திருப்பார்கள். என்னுடையது தேறும். நிறுவனப் பெயர்களின் பட்டியல் இந்த இரண்டில் எதையும் சோதிப்பதில்லை. அது சோதிப்பது பணப்பையை.

இந்த நாட்டில் துப்பாக்கிக்கும் தகுதிக்கும் முடிச்சுப் போடும் வழக்கம் பழையது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்கவைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் 1959இல் புதுச் சட்டம் வந்தது. பின்னர் 1980களின் நடுவில் தனியாருக்கான கைத்துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட, அதற்கு முன் வந்திறங்கிய பழைய வெப்லி அண்ட் ஸ்காட்டுகள் லட்சங்களில் கைமாறத் தொடங்கின. ஈஷாப்பூர் ஆலையில் செய்த புதிய .32 கைத்துப்பாக்கி இருக்க, பாட்டன் காலத்து வெப்லிக்குப் பன்மடங்கு கொடுத்தார்கள். அருமை விலையாகி, விலை தரமாகி, தரம் குலமாகிவிட்ட கதை அது. ஏர் பிஸ்டலுக்கு அந்தத் தடை இல்லை. பழக்கம் மட்டும் தொற்றிக்கொண்டது.

இந்த விளையாட்டில் அரச குடும்பத்தாரும் செல்வரும் சாதித்தது உண்மை. மாற்று வழியில் வந்தவர்களும் உண்டு. சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்குத் தந்தை நிலத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கித் தந்தார். இலண்டனில் வெண்கலம் வந்தது. பாரிசில் வெண்கலம் வென்ற கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலே அப்போது ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நாரங்கின் பயிற்சியகத்தின் வழியே உலக முதலிடம் வரை சென்றார். விற்க நிலம் இல்லாதவர், ஏற்றுக்கொள்ளப் பயிற்சியகம் இல்லாதவர் என்ன செய்வது? அவர்களுக்குப் பொதுத் துப்பாக்கி ஒன்றே வாசல்.

சீட்டா கேம்ப்பிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பதினாறு வயது. 1976இல் ஜனதா காலனியை இடித்து அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றின் மூன்றாம் தலைமுறை. தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். கழகத்தின் பொதுத் துப்பாக்கியை எடுத்து, நின்ற முதல் நாளே கையை ஆட்டாமல் பிடித்தாள். அத்தகைய தோள் பிறவியிலேயே வருவது. நான்காம் மாதம் 530 தொட்டாள். எனக்கு 530 வர ஒன்றரை ஆண்டு ஆனது. ஒருநாள் அவள் பேசுவதைக் கேட்டு இன்னோர் உறுப்பினர், “இது என்ன தமிழ்? இந்தியா, உருதுவா?” என்று கேட்டார். பிறகு அவள் கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்து, “அதைத் துடைச்சு வெச்சுட்டுப் போ, கிரீஸ் ஆயிடும்” என்றார். அதன்பின் அவள் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன். “பரீட்சை இருக்கு அக்கா” என்றாள். மே மாதம் அது.

மும்பைத் தமிழில் உருதுவும் இந்தியும் மராத்தியும் கலந்திருப்பதைப் பற்றித்தான் என் முதுகலை ஆய்வேடு. அக்கலப்பு இலக்கணமுடையது, ஒழுங்குடையது என்று நூறு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்த நூறு பக்கமும் அன்று அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை. நான் பக்கத்துத் தடத்தில்தான் நின்றிருந்தேன். என் தொடரை முடிக்கும் அவசரத்தில் வாய் திறக்கவில்லை. இந்தப் பதிவு தாமதமாக வருகிறது என்பதை அறிவேன்.

செயற்குழுவுக்கு எழுத்தில் மூன்று கோரிக்கைகள் அனுப்பியிருக்கிறேன். பொதுத் துப்பாக்கிகளை விலக்காதீர்கள், பழுதானதைப் பழுதுபாருங்கள். பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிட்டு, எல்லோருடைய சிலிண்டர் தேதியையும் விசை எடையையும் சோதியுங்கள். மாட்டுங்கா ஐயாவுடையதையும் சேர்த்து. வார இறுதியில் இரண்டு தடங்களைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு ஒதுக்குங்கள். உறுப்பினர்களுள் இதை ஏற்போர் கையொப்பமிட என்னிடம் வரலாம். இதுவரை பதினொரு பேர். அவர்களுள் ஐவர் மொரினிக்காரர்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் மூன்றாம் தடத்தில் இருப்பேன். ஆட்டுக்கல்லை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம். லீவரை மூடும்போது மட்டும் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடித்துவிடும்.