சூடான காபியைக் கருந்துளைக்குள் ஊற்றினால்? ஐன்ஸ்டைனுக்கும் வெப்பவியலுக்கும் நடந்த பஞ்சாயத்து

பொம்மசந்திரா மெட்ரோ நிலையத்துக்கு வெளியே ஒரு ஃபில்டர் காபி வாங்குகிறீர்கள். ஆபீஸிலிருந்து போன். பேசி முடிப்பதற்குள் காபி ஆறிப்போச்சு. அது தானாக மறுபடி சூடாகுமா? ஆகாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வது இதைத்தான்: தனித்து விடப்பட்ட அமைப்பில் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறையாது.

அப்போ சிக்கல் எங்கே?

அதே காபியைக் கருந்துளைக்குள் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்படி, உள்ளே போனது வெளியே வராது. வெளியிலிருந்து தெரிவது கருந்துளையின் நிறை, சுழற்சி, மின்னூட்டம் மட்டுமே. அப்படியென்றால் காபியின் என்ட்ரோபி எங்கே போச்சு? காணாமல் போயிருந்தால் இரண்டாம் விதி காலி.

எப்படித் தீர்ந்தது?

கருந்துளைகளின் மொத்த எல்லைப் பரப்பு குறையவே முடியாது என்று 1971-ல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? என்ட்ரோபியும் அப்படித்தானே! அந்தப் பரப்புதான் கருந்துளையின் என்ட்ரோபிக்கு அளவு என்றார், அப்போது ஆய்வு மாணவராக இருந்த யாக்கோப் பெக்கன்ஸ்டைன். காபி உள்ளே போனால் பரப்பு கூடும், கணக்கு நேராகிவிடும்.

ஹாக்கிங் முதலில் ஏற்கவில்லை. என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்கணும், வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு வரணுமே என்பது அவர் வாதம். 1974-ல் குவாண்டம் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, கருந்துளை கதிர்வீச்சை வெளியிடும் என்று அவரே கண்டார்.

பெங்களூருக்கு என்ன சம்பந்தம்?

பெங்களூரில் பிறந்த இயற்பியலாளர் சி.வி. விஸ்வேஸ்வரா. தட்டிய கோயில் மணி மாதிரி, குலுங்கிய கருந்துளையும் குறிப்பிட்ட சுருதியில் அதிர்ந்து அடங்கும் என்று 1970-ல் கணக்கிட்டவர். பின்னாளில் இந்நகரின் நேரு கோளரங்கத்துக்கு நிறுவன இயக்குநர்.

அந்த அதிர்வு, 2025 ஜனவரி 14 அன்று லைகோ பதிவு செய்த ஈர்ப்பு அலையில் தெளிவாகக் கிடைத்தது. சூரியனைவிட 30 மடங்குக்கு மேல் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாயிருந்தன. மோதலுக்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2.4 லட்சம் சதுர கி.மீ. மோதலுக்குப் பின் சுமார் 4 லட்சம். ஏறக்குறைய இரண்டு தமிழ்நாடு, மூன்றானது. நிறையில் ஒரு பகுதி அலையாக வெளியேறியும் பரப்பு கூடியது. ஹாக்கிங் சொன்னது பலித்தது.

பஞ்சாயத்து முடிந்ததா?

பாதிதான். கதிர்வீச்சால் கருந்துளை சுருங்கும்போது, வெளியேறும் கதிர்வீச்சின் என்ட்ரோபியையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அந்தக் கதிர்வீச்சை வானத்தில் யாரும் இன்னும் பார்க்கவில்லை. சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் ஆறிப்போன காபி அதற்கு முன்னால் கொதிக்கும் உலை.